ஒரு திருகாணி மிச்சம்

மோனிக்கா டீச்சர் வந்தபோது
மஞ்சக்குப்பமே நனைந்து கிடந்தது.
பிஸ்கட் டப்பாவுக்குள் பழைய துண்டு,
துண்டுக்குள் தகரத்தில் ஒரு ரயில் பெட்டி.
முழ நீளம். ஒரு சக்கரம் இல்லை.
"ஏலத்துக்கு விடணும் ஜெயரூபி,
பிள்ளைங்களுக்குக் காது மெஷின் வாங்க.
நீதான் சின்னச் சின்ன வேலை செய்றவ."

நான் பல் செட்டு செய்கிறவள்.
ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது
திருப்பாதிரிப்புலியூரில் கேட் போட்டால்
வண்டியை அணைத்துவிட வேண்டும் என்பது.

மேலே நீலம்,
வீட்டுச் சன்னலுக்கு அடிக்கிற நீலம்.
பிரஷ் மயிர் இரண்டு அதிலேயே ஒட்டியிருந்தது.
மெழுகு செதுக்கும் கத்தியால் சுரண்டினேன்.
அடியில் செங்கல் சிவப்பு.
அதற்கும் அடியில், கதவோரம்,
நகக்கண் அளவுக்குப் பச்சை.

முதுநகர் யார்டில் ஃபிட்டராக இருந்த
சவரிராயனுக்குப் போன் போட்டேன்.
"பச்சையா? எங்க லைன்ல அப்படி வண்டியே ஓடலயேம்மா.
எவன்கிட்டயோ
பச்சைதான் மிச்சம் இருந்திருக்கும்."

சக்கரத்துக்கு அச்சு எடுத்தேன்,
இருக்கிற பல்லைப் பார்த்து
இல்லாத பல்லை வார்க்கிற மாதிரி.

கூரையைக் கழற்றினால் உள்ளே ஏழு பேர்.
பசை போட்டு உட்காரவைத்த களிமண் ஜனம்.
ஒருவருக்குத் தலை இல்லை.
மடியில் பை மட்டும் பத்திரம்.
ஈறு செய்கிற மாவைப் பிசைந்து
மிளகு அளவில் ஒரு தலை வைத்தேன்.
கடலூர் வெயிலில் எவருக்கும் வாய்க்காத
ரோஸ் நிறம்.
டீத்தூள் தண்ணீரைத் தடவிப் பார்த்தேன்.
வெற்றிலை எச்சிலைத் துப்ப இடமில்லாமல்
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் போல ஆனார்.
அப்படியே விட்டுவிட்டேன்.

சிவப்பு அடித்தேன். காயவில்லை.
ஐப்பசி. சுவர்கூட வியர்த்தது.
குண்டு பல்பைப் போட்டு
இரண்டு நாள் அடியில் வைத்தேன்,
அன்னபூரணம் அம்மாவின் மேல்வரிசைக்குப் பக்கத்தில்.
அவங்க பல்லை மாட்டிக்கொண்டு கேட்டாங்க:
"என்னடி, வாயெல்லாம் பெயின்ட் வாசனை?"

டவுன் ஹால் ஏலத்தில்
ஐந்நூறில் தொடங்கி ஐந்நூறிலேயே நின்றது.
யாரோ இருமினார்கள், அதுவும் கேள்வி இல்லை.
பிறகு ஐஸ் பேக்டரி நாகூர்கனி எழுந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
ஒன்பதாயிரத்து இருநூறு.
"அந்த ரோஸ் தலைக்காரரு
அப்படியே எங்க பார்ட்னரு மாதிரி இருக்காரு, அதான்."

அது ஒரு காதுக்குச் சரியாக இருந்தது.
தேவனாம்பட்டினத்து மதுஷாவின் ஒரு காதுக்கு.
எந்தக் காது என்று கேட்டார் மெஷின்காரர்.
வகுப்பில் நான் நிற்பது இடப்பக்கம் என்றார் டீச்சர்.
ரோட்டில் லாரி வருவது வலப்பக்கம் என்றாள் அவள் அம்மா.
என்னையும் கேட்டார்கள்,
நான் என்ன சொல்ல.
கடைசியில்தான் நோட்டை அவளிடம் நீட்டினோம்.

'வலது' என்று எழுதினாள்.
'நான் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பேன்.'
தூங்கும்போது கழற்றி வைக்கணும் என்று
எழுதிக் காட்டினார் மெஷின்காரர்.
'தூங்குறதுக்கு முன்னாடி
கொஞ்ச நேரம் சும்மா படுத்திருப்பேன்ல.'
அப்போ என்ன கேக்கணும் உனக்கு?
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
'எனக்கு எப்படித் தெரியும்?'

போன வாரம் அம்மாவும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள்.
மெழுகுக் கிண்ணத்தில் கிடந்ததை எடுத்து
"யார் தோட்டுத் திருகாணி இது?" என்றாள் அம்மா.
ரயிலோடது என்றேன்.
எல்லாம் பூட்டிய பிறகும் இது மட்டும் மிஞ்சிவிட்டது.
எங்கே இருந்து கழற்றினேனோ.
நாகூர்கனி வீட்டில் பெட்டி ஓடுகிறதா, நிற்கிறதா,
போன் போட்டுக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

மதுஷா அதை வாங்கி
கண்ணாடி மேசையில் போட்டாள்.
எடுத்தாள்.
இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து
போட்டாள்.